5.1 என்று கேட்டு வாங்கினால் 5.1 ஆகிவிடுமா?

கேள்வி: 5.1 வோல்ட் செனர் என்று கடையில் கேட்டு வாங்கிய டையோடு உண்மையிலேயே 5.1 வோல்ட்டில்தான் வெட்டுமா?

பதில்: வெட்டும், அதன் வழியே 49 மில்லிஆம்பியர் பாய்ந்தால்.

எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் 1என்4733ஏ என்ற ஒரு வாட் செனர் டையோடின் விவரத்தாளில், 5.1 வோல்ட் என்ற எண்ணுக்கு அடுத்த கட்டத்திலேயே ‘சோதனை மின்னோட்டம் 49 மில்லிஆம்பியர்’ என்ற நிபந்தனையும் அச்சாகியிருக்கிறது. அந்த நிபந்தனையை நிறைவேற்றிய பிறகும் 5 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று உற்பத்தியாளருக்கு உரிமை உண்டு, ஆகவே 4.85 வோல்ட்டில் வெட்டும் டையோடும் 5.35 வோல்ட்டில் வெட்டும் டையோடும் ஒரே பெயரில், ஒரே விலையில், ஒரே பொட்டலத்தில் இருக்கலாம். வாங்குபவர் முதல் எண்ணைப் படித்துவிட்டு இரண்டாவது எண்ணைப் படிக்காமல் விடுவதில்தான் செனர் சுற்றுகளின் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

கேள்வி: 49 மில்லிஆம்பியருக்குப் பதிலாக ஒரே ஒரு மில்லிஆம்பியர் பாய்ந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது?

பதில்: மின்னழுத்தம்தான் குறைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எழும் மின்னழுத்தத்தை, வேலி ஓரத்துக் கிளையை நறுக்குவதுபோல, அந்த அளவிலேயே நறுக்கிவிடும் சுற்றுக்குக் கிளிப்பர் என்று பெயர். அதில் செனரை வைப்பவர்கள், பின்னோக்குச் சார்பில் முறிவு மின்னழுத்தத்தை எட்டும்வரை மின்னோட்டமே பாயாது, எட்டியபின் எவ்வளவு பாய்ந்தாலும் மின்னழுத்தம் இம்மியும் உயராது என்று மனத்தில் ஒரு செங்குத்துக் கோட்டை வரைந்துகொள்கிறார்கள். உண்மையான டையோடு அப்படியொரு கோட்டை வரைவதில்லை.

ஏரியின் கலங்கலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கரையில் ஓரிடத்தைத் தாழ்வாகக் கட்டி உபரி நீரை வழியவிடும் அந்தக் கல்கட்டு, நீர்மட்டத்தைத் தன் உயரத்தோடு நிறுத்திவிடும் என்று சொல்வது பாதி உண்மையே. சாரல் மழையில் கலங்கலின் மேல் விரற்கடை அளவு நீர் ஓடும், அடைமழையில் முழங்கால் அளவு ஓடும். வழியும் நீர் கூடக்கூட மட்டமும் கூடத்தான் செய்யும். செனரில் அந்தக் கூடுதலை அளக்கும் எண்ணுக்கு இயங்கு மின்தடை என்று பெயர்; மின்னோட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றத்துக்கு மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்ற விகிதமே அது. 1என்4733ஏ டையோடில் 49 மில்லிஆம்பியரில் அது அதிகபட்சம் 7 ஓம் என்பதால் அந்த இடத்தில் கோடு ஏறக்குறையச் செங்குத்தாகவே இருக்கிறது. ஒரு மில்லிஆம்பியரில் அதே டையோடின் இயங்கு மின்தடை 550 ஓம் வரை போகலாம் என்று அதே விவரத்தாள் சொல்கிறது. அங்கே அது சுவரல்ல, சரிவு. வரைபடம் வளைந்து திரும்பும் அந்த இடத்தைப் பொறியாளர்களும் முழங்கால் என்றுதான் அழைக்கிறார்கள், மடங்கிய காலைப்போல அது இருப்பதால். கிளிப்பர் சுற்றுகளில் பெரும்பாலானவை செனரை அந்த முழங்காலில்தான் நிற்க வைக்கின்றன. வெட்டப்பட்ட அலையின் உச்சி தட்டையாக இல்லாமல் மழுங்கிய மேடாக வருவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளீட்டைக் காப்பாற்ற 3.3 வோல்ட் செனரும் 10 கிலோஓம் மின்தடையும் போட்ட பிறகு, சென்சாரின் அளவீடு தவறாக வருகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: சென்சாரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம். இந்தச் சுற்று இன்று எண்ணற்ற மாணவர் திட்டங்களில் இடம்பெற்றிருப்பதால், இதைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

1என்4728ஏ என்ற 3.3 வோல்ட் செனரின் சோதனை மின்னோட்டம் 76 மில்லிஆம்பியர். தவறுதலாக 12 வோல்ட் உள்ளே வந்துவிட்டாலும் 10 கிலோஓம் மின்தடை 1.2 மில்லிஆம்பியருக்கு மேல் பாயவிடாது என்பதால், இந்தச் சுற்றில் அந்த டையோடு தன் 3.3 வோல்ட்டை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அதற்கு வெகு கீழேயே வெட்டத் தொடங்கிவிடும். சிப்பின் பாதுகாப்புக்கு இது கேடில்லை. கேடு வேறிடத்தில் இருக்கிறது.

முறிவு மின்னழுத்தத்துக்குக் கீழேயும் செனர் முழுமையாக மூடியிருப்பதில்லை. கலங்கலுக்குக் கீழே மண்கரையில் கசிவு இருப்பதுபோல அதிலும் கசிவு மின்னோட்டம் உண்டு. இந்த டையோடில் வெறும் 1 வோல்ட் மின்னழுத்தத்திலேயே 100 மைக்ரோஆம்பியர் வரை கசியலாம் என்று விவரத்தாள் அனுமதிக்கிறது. 100 மைக்ரோஆம்பியர் 10 கிலோஓம் வழியாகப் பாய்ந்தால் அந்த மின்தடையின் குறுக்கே 1 வோல்ட் விழும். அதாவது, சென்சார் 2 வோல்ட் என்று சொல்ல, மைக்ரோகன்ட்ரோலருக்கு 1 வோல்ட் மட்டும் போய்ச் சேரலாம்; விவரத்தாளின்படி அந்த டையோடில் எந்தக் குறையும் இருக்காது. நடைமுறையில் கையில் கிடைக்கும் டையோடுகள் இந்த எல்லையைவிடக் குறைவாகவே கசியும் என்றாலும், எவ்வளவு குறைவு என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. டையோடுக்கு டையோடு அது மாறும், வெப்பத்தோடும் மாறும். ஆகவே மென்பொருளில் ஒரு பெருக்கெண்ணைப் போட்டு இதைச் சரிக்கட்டிவிட முடியாது.

கசிவுக்கு அஞ்சி 5.1 வோல்ட் செனருக்குப் போனால், 3.3 வோல்ட்டில் இயங்கும் சிப்புக்கு அது பாதுகாப்பே அல்ல. வழங்கல் மின்னழுத்தத்துக்கு மேல் 0.3 வோல்ட் அளவுக்கே பெரும்பாலான சிப்புகள் இடம் கொடுக்கின்றன. குறிகையைச் சிதைக்காத செனர் சிப்பைக் காக்காது, சிப்பைக் காக்கும் செனர் குறிகையைச் சிதைக்கும், 3.3 வோல்ட் உலகில் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் செனர் கிடைப்பது அரிது.

கேள்வி: அந்தத் தொடர் மின்தடையையே எடுத்துவிட்டால்?

பதில்: செனரையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், அநேகமாகச் சாமணத்தால். செனர் தானாக எதையும் வெட்டுவதில்லை. எஞ்சிய மின்னழுத்தத்தைத் தன்மேல் விழவைத்துக்கொள்ள ஒரு மின்தடை இருந்தால்தான் அது வெட்டும். 12 வோல்ட்டுக்கும் 5.1 வோல்ட் செனருக்கும் நடுவே 100 ஓம் இருந்தால் 69 மில்லிஆம்பியர் பாயும், செனரில் 0.35 வாட்டும் மின்தடையில் ஏறக்குறைய அரை வாட்டும் வெப்பமாகும். இந்த இடத்தில் வழக்கமான கால் வாட் மின்தடையைப் போட்டால், செனர் பிழைத்துக்கொள்ளும், மின்தடை கருகிவிடும்.

கேள்வி: சைன் அலையின் மேல்பாதி 5 வோல்ட்டில் அழகாக வெட்டுப்பட்டிருக்க, கீழ்ப்பாதி முழுவதுமே காணாமல் போய்விட்டது. எங்கே போயிற்று?

பதில்: முன்னோக்குச் சார்பில் செனரும் ஒரு சாதாரண சிலிக்கன் டையோடுதான், எதிர்ப்பாதி வரும்போது அது மைனஸ் 0.7 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கி மீதியை விழுங்கிவிடுகிறது. இரண்டு பாதிகளும் வேண்டுமானால் இரண்டு செனர்களை எதிரெதிராகத் தொடரில் இணைப்பது வழக்கம். ஒன்று முறிவிலும் மற்றொன்று முன்னோக்கிலும் கடத்துவதால், வெட்டும் அளவு செனர் மின்னழுத்தத்தோடு 0.7 வோல்ட் சேர்ந்ததாக இருக்கும்.

இங்கேயும் அந்த 5 சதவீதம் பின்தொடர்ந்து வருகிறது. மேற்பாதியை ஒரு டையோடும் கீழ்ப்பாதியை மற்றொரு டையோடும் வெட்டுவதால், இரண்டும் ஒரே உயரத்தில் வெட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சமச்சீராக வெட்டப்பட்ட அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்கு போன்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே புதிதாகத் தோன்றும். ஒரு பாதி சற்று உயரமாகிவிட்டால் இரட்டைப்படை மடங்குகளும் ஒரு நிலையான நேர்திசை மின்னழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அளவுக் கருவியில் இது பிழை. மின்கிதார்க் கலைஞரின் காதுக்கு அதுவே இனிமையாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் வேண்டுமென்றே வெவ்வேறு டையோடுகளைப் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்கள் இருக்கின்றன. சமச்சீர்தான் வேண்டும் என்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: நான்கு டையோடு பாலம் ஒன்றின் நேர்திசை வெளியீட்டு முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு செனரை வைத்துவிட்டால், இரண்டு பாதிகளையும் அதே செனரே வெட்டும், செனர் மின்னழுத்தத்தோடு 1.4 வோல்ட் சேர்ந்த அளவில் வெட்டு விழும்.

கேள்வி: செனர் என்பது யார்? இந்த டையோடைக் கண்டுபிடித்தவரா?

பதில்: கிளாரன்ஸ் மெல்வின் செனர் (1905–1993) அமெரிக்க இயற்பியலாளர், அவர் டையோடு எதையும் செய்யவில்லை. மிக வலிமையான மின்புலத்தில் மின்காப்புப் பொருள்கள் ஏன் முறிந்து கடத்தத் தொடங்குகின்றன என்பதைக் குவாண்டம் கோட்பாட்டின் துணையோடு விளக்கி 1934-இல் ஒரு கட்டுரை எழுதினார்; தடையரணை ஏறிக் கடக்க வலுவில்லாத எலக்ட்ரான், அதை ஊடுருவி மறுபுறம் வந்துவிடுகிறது என்பதே அதன் சாரம். பின்னர் பெல் ஆய்வகத்தில் இந்த டையோடு உருவானபோது அவர் பெயரைச் சூட்டினார்கள்.

பெயர் வைத்ததில் ஒரு சிக்கல் இருந்தது, அது இன்றைக்கும் சுற்று வடிவமைப்பவர்களின் மேசை வரை வருகிறது. செனர் சொன்ன ஊடுருவல் ஏறக்குறைய 5 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட டையோடுகளில்தான் முதன்மையாக நடக்கிறது. 6 வோல்ட்டுக்கு மேற்பட்டவற்றில் நடப்பது சரிவு முறிவு. மலைச்சரிவில் உருளும் ஒரு கல் பத்துக் கற்களைப் பெயர்ப்பதுபோல, வேகம் பிடித்த ஓர் எலக்ட்ரான் அணுக்களில் மோதி மேலும் எலக்ட்ரான்களை விடுவித்துக்கொண்டே போவது அது. ஆகவே 12 வோல்ட் செனர் டையோடில் செனர் முறிவு கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெப்பம் ஏறும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. ஊடுருவல் எளிதாவதால் குறைந்த வோல்ட் செனர்களின் மின்னழுத்தம் இறங்கும். அதிரும் அணுக்களில் அடிக்கடி முட்டிக்கொண்டு எலக்ட்ரான்கள் வேகம் பிடிக்க முடியாமல் போவதால் உயர்ந்த வோல்ட் செனர்களின் மின்னழுத்தம் ஏறும். 12 வோல்ட் செனர் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 9 மில்லிவோல்ட் நகர்வதாகக் கொண்டால், மேசையில் 25 டிகிரியில் சரிபார்த்த வெட்டு, வெயிலில் நிற்கும் மூடிய பெட்டிக்குள் 65 டிகிரியில் 0.36 வோல்ட் மேலே போயிருக்கும். 5 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட செனர்களில் இந்த இரண்டு இழுப்புகளும் ஒன்றையொன்று சமன் செய்வதால் நகர்வு மிகக் குறைவு. தேர்வு கையில் இருந்தால் அங்கேயே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: செனர் போட்ட பிறகு சீரியல் தொடர்பில் குப்பை எழுத்துகள் வருகின்றன. மின்னழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: மின்னழுத்தம் சரி, நேரம் சரியில்லை. செனரின் சந்தி மிக மெல்லியது. மெல்லிய இடைவெளியின் இருபுறமும் மின்னூட்டம் நிற்பதால் அதுவே ஒரு மின்தேக்கியாகிவிடுகிறது, இடைவெளி மெலிய மெலியத் தேக்கும் அளவும் கூடுகிறது. குறைந்த வோல்ட் செனர்களில் இது முந்நூறு பிகோஃபாரட் அளவுக்குப் போகலாம். அதை 10 கிலோஓம் வழியாக நிரப்ப வேண்டுமானால் கால மாறிலி 3 மைக்ரோவினாடி. குறிகை தன் உயரத்தில் 90 சதவீதத்தை எட்ட ஏறக்குறைய 7 மைக்ரோவினாடி ஆகும். நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுளே 8.7 மைக்ரோவினாடிதான். பிட் எழுந்து நிமிரும்போதே அதன் முறை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

மின்தடையை 1 கிலோஓமாகக் குறைத்தால் வேகம் மீளும். ஆனால் மின்னழுத்தம் எகிறும் நாளில் செனர் தாங்க வேண்டிய மின்னோட்டம் ஏறக்குறையப் பத்து மடங்காகும். செனரோடு ஒரு சிறிய 1என்4148 டையோடைத் தொடரில் இணைப்பது இதைவிட நல்ல வழி. அதன் மின்தேக்குத்திறன் 4 பிகோஃபாரட்டுக்கு மேல் போகாது. தொடரில் சிறியதே ஆட்சி செய்யும் என்பதால் செனரின் முந்நூறு மறைந்துவிடும்.

கேள்வி: ஒலிச் சுற்றில் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்பது செனராலா?

பதில்: சரிவு முறிவில் இயங்கும் செனர் அங்கே இருந்தால், அதுவே முதல் சந்தேகத்துக்கு உரியது. உருளும் கற்களுக்குத் தாளக்கட்டு கிடையாது. வேண்டுமென்றே இரைச்சல் உண்டாக்கும் கருவிகளில் இதே டையோடைத்தான் வைக்கிறார்கள்.

கேள்வி: காரில் பொருத்தும் கருவிக்கு ஒரு வாட் செனர் போதாதா?

பதில்: போதாது. ஓடும் வண்டியில் பேட்டரி இணைப்பு திடீரென அறுந்தால், ஆல்டர்னேட்டர் தன் வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும்வரை மின்னழுத்தம் பல மடங்கு எகிறி நூற்றுக்கணக்கான மில்லிவினாடி நீடிக்கலாம். அந்த ஆற்றலை விழுங்க டி.வி.எஸ். எனப்படும் எழுச்சி அடக்கும் டையோடுகள் தனியே இருக்கின்றன. அவையும் முறிவில்தான் வேலை செய்கின்றன, ஆனால் பெரிய சந்தியோடு அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் சிறிய வகை ஒன்றே ஒரு மில்லிவினாடி அளவிலான துடிப்பில் 600 வாட் தாங்கும். மிகையான துடிப்பை வாங்கிய செனர் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும் என்பதால் சிப் தப்பிக்கலாம். அதன்பின் கருவி வேலை செய்யாது.

கேள்வி: இவ்வளவு குறைகளையும் சொன்ன பிறகு, 3.3 வோல்ட் உள்ளீட்டைச் சரியாக வெட்ட வழி எது?

பதில்: செனரை முழங்காலில் நிற்க வைக்காமல், அதன் செங்குத்துப் பகுதியில் எப்போதும் நிற்க வைப்பதே வழி. வெட்டும் மின்னழுத்தத்தை உருவாக்கும் வேலையை ஓர் உறுப்புக்கும், திறந்து மூடும் வேலையை மற்றோர் உறுப்புக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். முறையை விளக்க முதலில் 5.1 வோல்ட் செனரையே எடுத்துக்கொள்வோம்: 12 வோல்ட்டிலிருந்து 680 ஓம் வழியாக அதற்கு இடைவிடாமல் 10 மில்லிஆம்பியர் ஊட்டினால் அது விழித்துக்கொண்டே இருக்கும். குறிகையிலிருந்து அந்த முனைக்கு ஒரு 1என்4148 டையோடை வைத்தால், குறிகை செனரைவிட 0.6 வோல்ட் அளவு உயரும்போது மட்டும் கதவு திறக்கும். கதவு மூடியிருக்கும் நேரத்தில் குறிகையைத் தொடுவது அந்தச் சிறு டையோடின் கசிவு மட்டுமே. 20 வோல்ட் பின்னோக்கு மின்னழுத்தத்திலும் அது 25 நானோஆம்பியரைத் தாண்டாது. 10 கிலோஓமில் அது விளைவிக்கும் பிழை கால் மில்லிவோல்ட். முன்பு கண்ட 1 வோல்ட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3.3 வோல்ட் சிப்புக்குச் செனரின் இடத்தில் டி.எல்.431 என்ற சிறு ஐ.சி.யை வைப்பது இன்னும் மேல். அது 2.5 வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும், ஒரு மில்லிஆம்பியர் ஊட்டினாலே போதும், அதன் இயங்கு மின்தடை பொதுவாகக் கால் ஓமுக்கும் குறைவு. டையோடின் 0.6 சேர்ந்தால் வெட்டு 3.1 வோல்ட்டில் விழும். அதன் குறுக்கே கண்டபடி மின்தேக்கி வைத்தால் அது அலைவுறத் தொடங்கலாம் என்பதால், விவரத்தாளில் உள்ள மின்தேக்கி வரைபடத்தைப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். குறிகையிலிருந்து வழங்கல் தடத்துக்கே ஒரு ஷாட்கி டையோடு போடுவதும் வழக்கத்தில் உள்ள முறைதான்; ஆனால் தடம் அந்த மின்னோட்டத்தை வாங்கிச் செலவழிக்க முடிந்தால் மட்டுமே அது பாதுகாப்பு. பெரும்பாலான ரெகுலேட்டர்கள் மின்னோட்டத்தைக் கொடுக்க மட்டுமே அறிந்தவை, திரும்ப வாங்க அறியாதவை; சுமை சிறியதாக இருந்தால் 3.3 வோல்ட் தடமே மேலேறி, பலகையிலுள்ள எல்லாச் சிப்புகளையும் ஒருசேர ஆபத்தில் நிறுத்தும்.

கேள்வி: அப்படியானால் செனரை ஒதுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. ரிலேயின் சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தத்தை வெட்டுவதிலும், மாஸ்ஃபெட்டின் கேட் முனையை 12 அல்லது 15 வோல்ட்டுக்குள் காப்பதிலும், சில நூறு மில்லிவோல்ட் இப்படியும் அப்படியும் போனால் எவருக்கும் நட்டமில்லாத ஒவ்வோர் இடத்திலும், செனரைப்போல மலிவான, எளிய உறுப்பு வேறில்லை. அளக்கும் குறிகையின் பாதையில் அதை நேரடியாகத் தொங்கவிடுவது மட்டுமே தவறு.

கேள்வி: மல்டிமீட்டரின் டையோடு நிலையில் வைத்துப் பார்த்தால் எல்லாச் செனர்களும் 0.7 என்றே காட்டுகின்றன. 5.1 எது, 12 எது என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: டையோடு நிலையில் மீட்டர் கொடுக்கும் மின்னழுத்தம் பொதுவாகச் சில வோல்ட்டுகளே என்பதால், அது முன்னோக்குச் சார்பைத்தான் பார்க்கிறது, முறிவை எட்டும் வலு அதற்கு இல்லை. 5.1 வோல்ட் செனரைக் கண்டுகொள்ள ஒரு 12 வோல்ட் அடாப்டரும் மூன்று மின்தடைகளும் போதும். செனரின் கோடு போட்ட முனை, அதாவது கேத்தோடு, நேர்மின் பக்கம் இருக்கும்படி முதலில் 10 கிலோஓம் வழியாகவும், பிறகு 1 கிலோஓம் வழியாகவும், கடைசியில் அரை வாட் தாங்கும் 150 ஓம் வழியாகவும் இணைத்து, ஒவ்வொரு முறையும் டையோடின் குறுக்கே அளக்க வேண்டும். முறையே ஏறக்குறைய 0.7, 7, 46 மில்லிஆம்பியர் பாயும். ஒரே டையோடு மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்களைக் காட்டும். அந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி டையோடுகள் இருக்கும் டப்பாவின் மூடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கிளிப்பர் சுற்று போடும்போது, அந்தச் சுற்றில் பாயப்போகும் மின்னோட்டத்துக்கு அருகில் உள்ள எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.